முதலில் எழுந்த கால்

எதிரே பள்ளி மைதானத்தில் அணிவகுப்புப் பயிற்சிக்கு டிரம் அடிக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதற்கு அடுத்த தை மாதம் நடந்த அக்காவின் கல்யாணம் எனக்கு நினைவு வந்துவிட்டது.

திருச்சி பெண்கள் கல்லூரியின் டிரில் குழுவில் அக்கா முன்வரிசை. டிரம் ஒலித்தால் அத்தனை பேருக்கும் இடது கால்தான் முதலில் எழும்.

பரமத்தி வேலூரில், புகுந்த வீட்டு வாசலில் மேளம் முழங்கியதும் அவளுடைய இடது கால் உள்ளே போய்விட்டது.

"வலது கால வெச்சு வா சாமி," என்றார் மாமியார்.

வெளியே வந்து மறுபடி நுழைந்தாள். மேளம் விடவில்லை; மறுபடியும் இடதுதான்.

"காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களாக்கும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். எட்டு வயதில் நான் என்ன செய்ய முடியும்?

அவ்வருஷம் வெற்றிலைத் தோட்டம் அழுகியதற்கும் அந்த இடது காலையே குறை சொன்னார்கள். பிறகு கடைசிவரை, எந்த வாசலிலும் அக்கா நின்று, குனிந்து, தன் காலைப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தாள்.