சலூன்காரரின் சுருட்டை முடி

எங்கள் தெரு சலூன்காரருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், நலம் விசாரிக்க வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஆளுக்கொரு பத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டி, மொட்டைத் தலையோடு அவர் கடையைத் திறந்தபோதுதான் ஓர் ஈ காக்காயைக் காணோம். புற்றுநோய் தொற்றாது என்று எல்லோருக்கும் தெரியும். மொட்டை தொற்றிக்கொள்ளுமோ என்பதில்தான் சந்தேகம். அவர் காலி நாற்காலியில் உட்கார்ந்து, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் முடி முளைத்தது. முன்பு கம்பி மாதிரி நின்ற முடி, இப்போது சுருள் சுருளாகக் கன்னங்கரேலென்று வந்தது. அவ்வளவுதான், கடையில் பழையபடி கூட்டம்.

முதல் ஆளாக வந்தவர் இரும்புக்கடைக்காரர். சீப்பையே மறந்துபோன வழுக்கைத் தலை அவருடையது. வெட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும் நாற்காலியில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அது என்ன மருந்து தம்பி? செலவைப் பத்திக் கவலையில்ல, எனக்கும் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரியில படுக்க வச்சு ஊசியில ஏத்துவாங்கண்ணே. வாந்தியில குடலே வெளிய வந்துரும். வாயெல்லாம் புண்ணாகும். நகம் கறுத்துப்போகும்."

"அதையெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிக்கலாம். வேற பக்க விளைவு ஏதும் இல்லையே?"

சலூன்காரர் கையிலிருந்த துண்டை உதறி மடித்தார்.

"இந்த முடியே பக்க விளைவுதாண்ணே."