சரிவில் நின்ற ஜீப்பும் சன்னாசியின் பெட்ரோலும்

அளந்து ஊற்றும் தொழிலில் இருந்தவர்களுக்கு இது தெரியும்: பாலோ, மண்ணெண்ணெயோ, பெட்ரோலோ, நாம் எவ்வளவு சரியாக ஊற்றினாலும் வாங்குகிறவர் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். ஐம்பதுகளில் போடியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கைப்பம்ப் அடித்துக்கொண்டிருந்த எனக்கு அது பழகிவிட்டது. ஒரே ஒரு விஷயம் மட்டும் இன்னும் மனசில் உறுத்துகிறது.

அவரவர் குச்சி

மலையேறும் ஜீப்புகளில் பெட்ரோல் காட்டும் முள் குலுங்கிக் குலுங்கியே செத்துப்போயிருக்கும். டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியிலிருக்கும் தொட்டிக்குள் குச்சியை விட்டு, நனைந்த உயரத்தை விரல்கடையால் அளப்போம். ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவர் என் மூங்கில் குச்சியைத் தொடவே மாட்டார். வேட்டி மடிப்பிலிருந்து சொந்தக் குச்சியை உருவுவார். இரண்டும் ஒரே அளவுதான் காட்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டும்ப்பா. உன் குச்சி உனக்குப் பரிஞ்சுதான பேசும்?"

மேலே போனால் குறையும்

சன்னாசி ராசிங்காபுரத்துக்காரன். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டினான். காலையில் என்னிடம் பெட்ரோல் போட்டுக்கொண்டு, கூலியாட்களை ஏற்றிப் போவான். பீடிகூட ஓசியில் வாங்காத ஆள். நான் அளந்து சொல்லும் விரல்கணக்கை, தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் மேலே மறுபடி அளந்து பார்ப்பார். ஏற்றத்துக்கு ஒரு விரல் செலவு போக மீதி இருக்க வேண்டும். அதிலும் தினமும் இரண்டு விரல் குறைந்தது.

ரைட்டர் ஒருநாள் சன்னாசியோடு பங்க்குக்கே வந்துவிட்டார். என் அளவு சுத்தம் என்று மார்தட்டினேன். அவர் கண்ணெதிரே அளந்தும் காட்டினேன். தலை தப்பியது என்று மூச்சுவிட்டேன். அவர் சன்னாசி பக்கம் திரும்பினார்.

"அப்போ வழியிலதான் எறங்குது. ஏய் சன்னாசி, எந்த வளைவுல வச்சு வித்தே?"

சாவி கைமாறியது

வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை என்று கூலியாட்களே ரைட்டரிடம் சொன்னார்கள். அவர்களுக்கும் பங்கு இருக்கும் என்றாராம். வேலை போயிற்று. சாவியைக் கொடுத்துவிட்டு சன்னாசி மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்து, பங்க் குழாயில் முகம் கழுவினான். ஊரில் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.

"சோலி போயிருச்சுன்னு சொல்லிருவேண்ணே. ஏன் போச்சுன்னு ஆத்தா கேட்டா என்னத்தச் சொல்ல?"

மேலே போனால் கூடும்

புது டிரைவர் வந்தான். சன்னாசி எப்போதும் தோட்டத்து ஷெட்டுக்குள் ஜீப்பின் முகப்பு உள்ளே போகும்படி நிறுத்துகிறவன். இவன், காலையில் வெரசாகக் கிளம்பலாம் என்று பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினான். ரைட்டர் குச்சியை விட்டால், மலையேறி வந்த ஜீப்பில் நான் அளந்து சொன்னதைவிடப் பெட்ரோல் அதிகம்!

பெட்ரோல் குறைந்தால் திருடனைத் தேடலாம். கூடினால் யாரைத் தேடுவது? அப்புறம்தான் தரையைப் பார்த்திருக்கிறார்கள். ஷெட் நல்ல சரிவு. தொட்டியின் வாயோ ஒரு ஓரத்தில். சன்னாசி நிறுத்தினால் பெட்ரோல் வாயை விட்டு மறுபக்கம் ஒதுங்கும். இவன் நிறுத்தினால் வாய்ப் பக்கம் வந்து சேரும். சமதரைக்குத் தள்ளி அளந்தபோது கணக்கு சரியாக இருந்தது. இதை என்னிடம் சொல்லும்போது ரைட்டரின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"நீ போயி அவனக் கூட்டிட்டு வா. நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கூப்பிட?"

குச்சி விடாத வண்டி

ராசிங்காபுரத்தில் சன்னாசி மாட்டுவண்டியில் எரு ஏற்றிக்கொண்டிருந்தான். ஒன்று விடாமல் சொன்னேன். கோபப்படுவான் என்று பார்த்தால், தலையை மட்டும் ஆட்டினான். ஒரு சாய்ந்த தரையால் ஒரு நல்ல மனுஷன் ஊரில் திருடனானானே என்று எனக்குத்தான் ஆறவில்லை. ஜீப் உனக்காகக் காத்திருக்கிறது, வா என்றேன். அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"வேணாண்ணே. இந்த மாடு எம்புட்டுத் தின்னுச்சுன்னு யாரும் குச்சி விட்டுப் பாக்க மாட்டாங்க."

இன்றைக்கும் யாராவது எதையாவது அளந்துவிட்டு ஒருவனைத் திருடன் என்றால், நான் முதலில் குனிந்து தரையைத்தான் பார்க்கிறேன்.