குறையில்லாத கருவைக் கேட்டேன்

என் முதல் பேரன் கேசவுக்குக் கழுத்து நிற்கவேயில்லை. குப்புற விழ வேண்டிய வயதில் நனைந்த துணிபோல மல்லாந்து கிடந்தான். கண் மட்டும் எல்லோரையும் துரத்தித் துரத்திப் பார்க்கும். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் பரம்பரை நோய் என்றார்கள். இப்போது அதற்கு மருந்து உண்டாம். அவனுக்கு நோய் இன்னதென்று தெரிவதற்குள் மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட்டன. ஆண்டு நிறைவைக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

நம் சனிக்கிழமைப் பாராயணக் குழுவில் நான் அழுது யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும். எரிச்சலோடு வேண்டிக்கொண்டவளுக்கும் ஆஞ்சநேயர் காது கொடுத்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெண் நித்யாவை என் அண்ணா பிள்ளை ஸ்ரீராமுக்குத்தான் கொடுத்தோம். அத்தை பெண், மாமா பிள்ளை, நாங்களே பார்த்துச் செய்த சம்பந்தம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருந்தது. பதினோராவதாக மரபணுவிலும் ஒரு பொருத்தம் இருந்திருக்கிறது. அது எந்த ஜோசியர் கண்ணிலும் படவில்லை. பழுதான மரபணு இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தது. ஒன்று மட்டும் இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் ஒரே குழந்தைக்கு வந்தால் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

இன்னொரு குழந்தையை அப்படிப் பார்க்கத் தெம்பில்லை என்று நித்யா சொல்லிவிட்டாள். அடையாறில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். கருவை வெளியே உருவாக்கி, ஓரத்திலிருந்து சில செல்களை எடுத்துச் சோதித்து, நோயில்லாத கருவை மட்டும் கருப்பையில் வைப்பார்கள். எழுதுவதற்கு ஒரு வரி. அந்தப் பெண்ணுக்கோ வயிறெல்லாம் ஊசித் தழும்பு.

அண்ணாவின் மனைவி லலிதா மன்னியும் கூட வந்தாள். டாக்டரம்மா எல்லாம் விளக்கி முடித்ததும் மன்னி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பையனா பொண்ணான்னு வாயால சொல்ல வேண்டாம் டாக்டர். சும்மா ஒரு ஜாடை காட்டப்படாதா?”

“ஜாடை காட்டினாலும் ஜெயில்தான் மன்னி” என்றேன். சுகாதாரத் துறையில் ஸ்கேன் மையங்களைச் சோதனை போடும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். பாலினம் சொல்லப்படாது என்ற பலகையை எத்தனை சுவர்களில் மாட்ட வைத்திருக்கிறேன்! அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள்.

வெளியே வந்தால் டை கட்டிய இளைஞர் ஒருவர் பளபளக்கும் கையேட்டை நீட்டினார். வெளிநாட்டு ஆய்வகமாம். “மேம், சுகர் வர வாய்ப்பு, உயரம், புத்திசாலித்தனம், எல்லாத்துக்கும் மார்க் போட்டு எம்ப்ரியோவை ரேங்க் பண்ணிக் குடுப்போம்.”

“சுகரே வராத கருன்னு குடுத்தேள்னா, எங்காத்துக் கருவை மாத்திட்டேள்னு அர்த்தம்” என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மன்னியோ கையேட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறக்காத குழந்தைக்கு ரேங்க்! எல்.கே.ஜி. வரையாவது பொறுக்கக் கூடாதா?

மறுநாள் நங்கநல்லூர் ஆஞ்சநேயரிடம் கிளம்பினேன். மன்னி விடவில்லை. “பிரம்மச்சாரிகிட்ட போயா வசந்தா குழந்தை கேக்கறே?”

“மூலிகை எதுன்னு தெரியலேன்னு மலையையே தூக்கிண்டு வந்தவர் மன்னி. வெறுங்கையோட அனுப்ப மாட்டார்.”

மயிலாப்பூரில் ஆட்டோ ஏறினால், “லஸ் கார்னராண்ட போவ முடியாதும்மா. மெட்ரோக்காரன் தோண்டிகினே கீறான். சுத்திகினுதான் போவணும்” என்றார் ஓட்டுநர். சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்து, சந்நிதியில் நின்று டெண்டர் விடுவதுபோல நிபந்தனைகளை வரிசையாகச் சொன்னேன். நோய் கூடாது. அந்த மரபணுவின் சுவடுகூடக் கூடாது. முதல் முயற்சியிலேயே தங்க வேண்டும். சரியாக நடந்தால் வடைமாலை.

சோதனை முடிவு வந்தது. நாலு கருக்கள். இரண்டில் நோய். ஒன்று சுத்தமானது. இன்னொன்றில் பழுதான மரபணு ஒன்று மட்டும் உண்டு. அதற்கு நோய் வராது. நோயுள்ள இரண்டை என்ன செய்வீர்கள் என்று நித்யா கேட்டாள். உங்கள் சம்மதத்தோடு அப்புறப்படுத்துவோம் என்றார் டாக்டரம்மா. “அதுவும் ரெண்டு கேசவ்தானேம்மா” என்றாள் என்னிடம். சட்டத்தில் எல்லாவற்றுக்கும் எனக்குப் பிரிவு தெரியும். இதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

சுத்தமான கருவை வைத்தார்கள். தங்கவில்லை.

ஆஞ்சநேயர்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வாரக்கணக்கில் விளக்கு மட்டும் ஏற்றினேன், பேசவில்லை.

அடுத்து என்ன என்று முடிவு செய்ய தி. நகரில் அண்ணா வீட்டில் கூடினோம். மிச்சமிருப்பது பழுது ஒன்று உள்ள அந்தக் கரு. டாக்டரம்மா தயங்காமல் வைக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். மன்னிக்கு மனசு ஒப்பவில்லை.

“தெரிஞ்சே தோஷமுள்ளதையா வெச்சுப்பா? நாளைக்கு அதுக்கு வரன் பாக்கறச்சே என்ன சொல்றது? அதைத் தள்ளிட்டு இன்னொரு தரம் முதல்லேர்ந்து பண்ணலாம்.”

நித்யா நிமிரவில்லை. “இன்னொரு தரம் ஊசி போட்டுக்க என்னால முடியாது மாமி. இதுவும் இல்லேன்னா எனக்குக் குழந்தையே வேண்டாம்.”

உள்ளுக்குள் எனக்கும் சுத்தமானதுதான் வேண்டியிருந்தது.

ஸ்ரீராம்தான் பேசினான். அதிகம் பேசாத பிள்ளை.

“அம்மா, அந்தக் கருல இருக்கறது எங்கிட்டயும் இருக்கு. அன்னிக்கே இந்த டெஸ்ட் இருந்திருந்தா என்னையும் தள்ளியிருப்பியா?”

“அபிஷ்டு! என்ன பேச்சு பேசறே!” என்று மன்னி கத்திவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, “எப்போ வெச்சுக்கச் சொல்றா டாக்டர்?” என்றாள்.

நான் மறுபடி நங்கநல்லூர் போனேன். சந்நிதியில் நின்றபோது, மன்னியிடம் நானே சொன்னது நினைவுக்கு வந்தது. எது மூலிகை என்று பிரிக்கத் தெரியாமல் மலையைத் தூக்கியவர். அவரிடம் போய், ஒரே ஒரு மூலிகையைப் பொறுக்கிக் கொடு என்று நின்றிருக்கிறேன். பொறுக்குகிற வேலைக்குத்தான் ஆய்வகம் இருக்கிறதே. இந்த முறை நிபந்தனை எதுவும் சொல்லவில்லை. “வருவது எப்படி வந்தாலும் எங்களோடது. தூக்கிக்கொண்டு வந்து சேர்த்துவிடு” என்று மட்டும் சொன்னேன்.

தங்கியது. ஐந்தாம் மாதப் பனிக்குட நீர்ச் சோதனையும் நல்ல செய்தி சொன்னது. தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. அம்மா அப்பா இருவரிடமும் உள்ள அதே பழுது ஒன்று, ஸ்ரீராமின் கோணல் மூக்கு. மூக்கு தன்னுடையது என்று மன்னி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பையன் கேட்டவள்!

ஒருநாள் காலையில் மன்னி குழந்தையைக் குப்புறப் போட்டாள். சுற்றி நின்றோம். குழந்தை முக்கியது, முனகியது, தலையைத் தூக்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. எனக்கு அழுகை வராது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு வந்தது.

சொந்தத்தில் கல்யாணம் பேசுகிறவர்கள் ஜாதகத்தோடு ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். அது பக்திக் குறைவு இல்லை. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அதற்குமேல் பயமாயிருந்தால், என்னைப்போல் நிபந்தனை போடாமல் அவரிடம் போய் நில்லுங்கள். கோபத்தோடு போனாலும் அவர் திருப்பி அனுப்புவதில்லை.

வருகிற சனிக்கிழமை வடைமாலை சாத்துகிறோம். எல்லோரும் வாருங்கள். பேத்தியைத் தயங்காமல் தூக்கலாம். கழுத்துக்குக் கை கொடுக்க வேண்டாம். அது தானாகவே நிற்கும்.