ஹெட்கிளார்க் சொன்ன ‘ஃபாஸ்ட்’

அந்த ஹெட்கிளார்க்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லித்தான் எங்கள் மாதா கோவிலில் வாராவாரம் பிரசங்கம். இந்த ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் அது எனக்கு ஏறவே இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு கம்பெனி ஆபீஸில் சேர்ந்தேன். ஹெட்கிளார்க் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சேர்ந்த வாரமே என் மேஜைப் பக்கம் வந்து நின்று, “நீ ரொம்ப ஃபாஸ்ட்மா” என்றார். பாலக்கரை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

தவக்காலம் வந்தது. நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்ததால் பதினோரு மணிக் காபியைத் தொடவில்லை. “ஃபாஸ்ட் பொண்ணுக்கே ஃபாஸ்டா?” என்றார். ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

டெலிபோன் போர்டில் இருந்த பொன்மலை ஆங்கிலோ இந்தியப் பெண்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “நீ ஏன் சிரிக்கிறே? எங்க காலனியில ஒரு பொண்ணை அப்படிச் சொன்னா, ஆம்பிளைங்களோட சுத்துறவன்னு அர்த்தம். அது அந்த ஆளுக்கு நல்லாத் தெரியும்.”

வீட்டுக்கு வந்து அண்ணனின் டிக்‌ஷனரியைப் புரட்டினேன். வேகம். பட்டினி. போகாத சாயம், ஜவுளிக்கடையில் சேலையை உதறிக் காட்டிச் சொல்வார்களே, அதுவும் இதே சொல்தான். இறுகப் பிடித்து அசையாமல் நிற்பது. கடைசியில், ஒழுக்கம் கெட்ட பெண்.

அந்த வைகாசியில் முசிறியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பற்றி விசாரிக்க ஆபீஸுக்கே வந்தார். ஹெட்கிளார்க் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். மறுநாளே சொல்லி அனுப்பிவிட்டார்கள்: “பொண்ணு ரொம்ப ஃபாஸ்டாமே, எங்களுக்குச் சரிப்படாது.” அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆளின் மூஞ்சிதான் கண்முன் நின்றது.

காலையில் போனதும் நேராக அவர் மேஜைக்குப் போனேன்.

“முசிறிக்காரர்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க, சார்?”

“ஃபாஸ்ட்னு சொன்னேன். டைப்பிங்ல. நல்லதுதானேம்மா சொன்னேன்?” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருப்பது அவருக்கு எவ்வளவு சௌகரியம்!

“அப்ப அதையே தமிழ்ல சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “போய் வேலையைப் பாரும்மா” என்றார்.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் கிளம்புகிற நேரம் பார்த்து என் மேஜையில் காகிதக் கட்டு வந்து விழும். நானாக ராஜினாமா கொடுப்பேன் என்று காத்திருந்தார். நான் கொடுக்கவில்லை. “வேற இடம் பாரேன்” என்று அம்மா கெஞ்சியபோதும் மாட்டேன் என்றுவிட்டேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, நல்ல மனிதரோடுதான். அதற்காக அந்த ஆளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

ஹெட்கிளார்க் ரிட்டயரான அன்றைக்கு அவருக்கு மாலை போட்டுக் காராபூந்தி கொடுத்தார்கள். ஒவ்வொரு மேஜையாக வந்தவர் என்னிடமும் நின்றார். “போயிட்டு வரேம்மா.”

நான் எழுந்திருக்கவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. அவர் வாசல் தாண்டின பிறகுதான் நிமிர்ந்தேன்.