தம்பியை அணியில் சேர்க்காத மனேஜர்

இன்று வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால், எங்கள் தொழிற்சாலையில் வேலைசெய்யும் பற்றிக் என்ற ஐரிஷ்காரர் உள்ளே இருக்கிறார். வழக்கமாகத் தன் தம்பியின் காரில் போகிறவர்.

அயர்லாந்தில் ஹர்லிங் ஆடிப் பெயரெடுத்தவர். மட்டையால் பந்தை அடித்துக்கொண்டு ஓடும் முரட்டு விளையாட்டு அது. முழங்கால் போனபிறகு, ரொறன்ரோவில் ஓர் ஐரிஷ் அணிக்கு மனேஜர்.

"கார் எங்கே?" என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் தமிழில் தருகிறேன்.

"தம்பி என்னை விட்டிட்டுப் போட்டான். நாளைக்கு ஃபைனல். அவனை அணியிலை போடேல்லை."

"ஏன், விளையாட மாட்டாரோ?"

"நல்லா விளையாடுவான். அவன்ரை இடத்துக்கு நான் போட்ட மற்றவன் இன்னும் நல்லா விளையாடுறான்." கண்ணை மூடிக்கொண்டார். "விளையாடேக்கை உடம்புதான் நொந்தது. இப்ப வீட்டை போகவே மனமில்லை. அம்மாவும் அவன்ரை பக்கம்."

"அப்ப மனேஜர் வேலையை விடுங்கோவன்."

"ஆர் எடுப்பினம்? கேட்டுப் பாத்தன். எல்லாரும் நிலத்தைப் பாத்தினம்."

அவர் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. அவர் எழும்பவில்லை. கடைசித் தரிப்புவரை போய்த் திரும்பி வருகிறாராம்.

வீட்டில் ஆன்சரிங் மெஷினில் செய்தி: எங்கள் பழைய மாணவர் சங்கக் கிரிக்கெட் அணிக்கு நான் மனேஜராக வேண்டுமாம். அதில் ஓட்டமே எடுக்காத தொடக்க ஆட்டக்காரர் என் மனைவியின் அண்ணன்.

என்ன பதில் சொல்லட்டும்?