யோகா அக்காவுக்காகக் குதிரை ஓடுதல்

செய்தி எனக்குப் பகிடி மாதிரித்தான் வந்து சேர்ந்தது. குதிரைகளுக்கு வைக்கோல் கொண்டுவரும் நிசாம் நானா மூதூரிலிருந்து அழைத்து, "பிள்ள, யோகா மோசம் போயிட்டா" என்றார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் நாளைக்கோ மறுநாளோ வந்துவிடுவார் என்றுதான் நான் இருந்தேன். எங்கள் இருவருக்கும் நடந்துவந்த பகிடிச் சண்டையில் அடுத்த முறை வேறு அவருடையது. ஆகவே, "அவ எப்ப நானா நல்லவவா இருந்தவ?" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மோசம் போவது என்றால் எங்கள் ஊரில் செத்துப்போவது என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த நினைவு மலரில் 'அன்னார்' என்று தொடங்கி எழுதும்படி சொன்னார்கள். எழுதமாட்டேன். அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தச் சொல் யாரோ ஒரு கண்ணாடி போட்ட பெரியவரைத்தான் காட்டும். இவர் முப்பத்தைந்து வயதிலும் மரத்தில் ஏறி மாங்காய் பறித்தவர். உப்புவெளிக் கடற்கரையில் ராசாத்தி, மின்னல் என்று இரண்டு குதிரைகளை வைத்துச் சவாரி விட்டவர். அடக்கம் என்ற சொல் அவருடைய பெயரோடு சேர்ந்து வந்தது அவரைப் புதைத்த அந்த ஒரு நாள் மட்டும்தான்.

நான் அவருக்கு அறிமுகமானதே ஓர் எழுத்தால். 'குதிரைச் சவாரி' என்று அவர் எழுதி வைத்திருந்த பலகையில் 'வா'வின் ஒரு காலைச் சுரண்டி எடுத்துவிட்டேன். குதிரைக்கு நாலு கால் இருக்கிறது, பலகைக்கு ஒன்று குறைந்தால் என்ன என்று நினைத்தேன். பலகை 'குதிரைச் சவரி' ஆயிற்று; சவரி என்றால் பின்னலோடு சேர்த்துக் கட்டும் பொய்முடி. அடுத்த நாள் பார்த்தால், அவர் அதைத் திருத்தவில்லை. பலகைக்குக் கீழே மின்னலின் வால் மயிரில் ஒரு கொத்தை அழகாகப் பின்னி, ரிப்பனும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் நின்று பார்ப்பதைக் கண்டதும், "உம்மட தலைக்கு அளவா இருக்கும், கொண்டு போம்" என்றார். அன்றைக்குத் தொடங்கியது சண்டை. பள்ளிக்கூடம் விட்டால் நான் நேரே அந்த வளவுக்குத்தான்.

வளவு என்றால் உங்களுக்குத் தெரியும்: வீட்டுக்குப் பின்னால் வேலி அடைத்த புல்வெளி. குதிரைகள் மேய்வதும் படுப்பதும் அங்கேதான். அதற்குள் வரும் களைகளில் அவருக்கு முதல் எதிரி நாயுண்ணி என்ற முட்செடி. நம் எல்லோருக்கும் அது நல்ல செடி. சின்ன வயதில் அந்தக் கறுத்த பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு திரியாதவர் நம்மில் யார்? ஆனால் அதன் இலை குதிரைக்கு நஞ்சு. ஈரலைக் கெடுக்கும். தின்றதை வாந்தியெடுக்கவும் குதிரைக்கு ஏலாது. "பேர் நாயுண்ணி. நாயும் உண்ணாது, குதிரையும் உண்ணக்கூடாது. பேர் வைச்சவனைத்தான் உண்ண விடவேணும்" என்பார்.

அவருடைய வேலைமுறை எளிது, செய்வதுதான் கடினம். மழை பெய்து நிலம் இளகியதும், பூக்க முதல், அதாவது பூ வருமுன்பே, வேரோடு இழுக்க வேண்டும். இழுத்ததை அங்கே போடக்கூடாது. வேலிக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். புல்லை ஒட்ட மேயவிட்டால் வெறும் நிலத்தில் களை ஏறிவிடும் என்று பாதி வளவை மறித்துப் புல்லுக்கு ஓய்வும் கொடுப்பார். பிள்ளை பெற்றவளைப் பார்க்கிற மாதிரிப் புல்லைப் பார்க்கிறீர்கள் என்று நான் நக்கலடிப்பேன். களை பிடுங்கிக் களைத்துப்போய் வேலியில் சாய்ந்திருக்கும்போதும் அவருடைய முகத்தில் ஒரு களை இருக்கும். அந்தக் களையை மட்டும் அவர் பிடுங்கவில்லை.

கடைக்காரர் ஒருவர் களைக்கு மருந்தடிக்கச் சொல்லி வீடு தேடி வந்தார். அடித்தபின், செடி செத்து அதை அள்ளி முடியும்வரை குதிரைகளை உள்ளே விடக்கூடாது என்றும் சொன்னார். "அதுவரைக்கும் ரெண்டையும் எங்க கட்டுறது? உங்கட வீட்டுக் குசினிக்கையோ?" என்று கேட்டார் அக்கா. கடைக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை.

ஒருமுறை ரியூசனுக்குப் போகாமல் மாட்டிக்கொண்டேன்; படிப்பிக்கிற சேர் போன் எடுத்தார். அம்மா மாதிரிப் பேசி என்னைக் காப்பாற்றும்படி போனை அக்காவிடம் நீட்டினேன். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போய்ச் சோதினை எழுதுவதை நாங்கள் குதிரை ஓடுவது என்போமே, அதை வைத்து, "எனக்காக ஒருக்கா குதிரை ஓடுங்கோ" என்றேன். "நான் ஓடுறேல்ல பிள்ள. குதிரைதான் ஓடும். நான் பிறகால நடந்து சாணி அள்ளுறது" என்றார். போனை வாங்கி, உண்மையை அப்படியே சேரிடம் சொல்லியும்விட்டார்.

செத்தவீட்டில் எல்லோரும் ஒரே கதை கதைத்தார்கள். பொம்பிளையாகத் தனியே இழுத்துக்கொண்டிருந்தாள், இனி மாரி வந்தால் வளவு காடாகிவிடும், குதிரைகளை விற்பதுதான் வழி. அவருடைய அண்ணரும் தலையாட்டினார். நல்ல மனிதர், ஆனால் தலையாட்டுவதில் மின்னலை விடக் கெட்டிக்காரர்.

போன கிழமை, முப்பத்தோராம் நாள் சடங்குக்காக வளவைத் துப்புரவாக்கச் சொந்தக்காரர் வந்தார்கள். பூத்துக் கிடந்த நாயுண்ணியை மெஷினால் வெட்டி, வளவின் மூலையிலேயே அழகாகக் குவித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். நான் வரும்போது குவியல் வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது. கோடையில் புல்லும் இல்லை. ராசாத்தி கழுத்தை நீட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். அக்கா சொல்லுவார்: "நிக்கிற நாயுண்ணியைக் குதிரை மணந்து பாத்துப்போட்டு விட்டிடும். வாடினதைத்தான் நம்பித் தின்னும்."

நான் ஓடிப்போய்க் குவியலின் மேல் ஏறிக் குந்திவிட்டேன். முள்ளெல்லாம் காலில். ராசாத்தி என் சட்டையை மூக்கால் மணந்து பார்த்தாள். வைக்கோலோடு வந்த நிசாம் நானா அவளைப் பிடித்துக் கட்டினார். அண்ணர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, "எடி பிள்ள, நாங்கள் திண்ட பழம்தானே, அதுக்கேன் இந்த நாடகம்?" என்றார்.

"நீங்கள் திண்டது பழம். இவள் தின்னப்போனது இலை. அக்கா இருந்திருந்தா உங்களை வேரோட பிடுங்கி வேலிக்கு வெளியால போட்டிருப்பா."

அவருடைய முகம் சுருங்கியது. "அவள் இல்லையே பிள்ள. இனி ஆர் பாக்கிறது?"

"நான் குதிரை ஓடுறன்."

"உனக்கு ஏறவே தெரியாதேடி."

"ஏறுறதுக்கில்ல. அக்காவுக்குப் பதிலா."

விளங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்தார், சிரித்தபடியே அழுதார். குவியலைச் சுமந்து வெளியே போட அவரும் வந்தார். மாரி முடியட்டும், வளவு வளவாக இருந்தால் குதிரைகள் நிற்கட்டும் என்றார்.

ஆகவே, வளவு காடாகிவிடும் என்று சொன்ன உங்களுக்கு ஒரு செய்தி. அடிக்கட்டைகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. முதல் மழைக்குத் துளிர்க்கும் என்பது எனக்குத் தெரியும். நிசாம் நானா ஒரு மண்வெட்டி கொண்டுவருகிறார். பலகை இன்னும் 'குதிரைச் சவரி' என்றே இருக்கிறது. அந்தக் காலை யாரும் திருப்பி வைக்கவேண்டாம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டே சொற்கள்: பூக்க முதல். இந்தச் சோதினையில் நான் பிடிபடமாட்டேன்.

மாரி வரட்டும்.