கலுங்கில் அடுக்கிய சாக்குகள்

கரிசல்காட்டுக்காரர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் புத்தி நிற்காது. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறக் கலுங்கு உண்டு. அதன்மேல் மண்சாக்குகளை அடுக்கி இன்னும் ஒரு முழம் தேக்கிவிடுவோம். ஊரே கூடிச் செய்கிற வேலை. யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

அந்த மார்கழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சாக்குகளை இழுத்துப்போடத்தான் என் அண்ணன் ஓடினான். அவன் கை வைக்குமுன் கரை உடைந்தது. எங்கள் தெருவில் ஒரு வீடு மிஞ்சவில்லை. அண்ணனை மறுநாள் கருவேலங்காட்டில் கண்டெடுத்தோம்.

பிறகு சர்க்காரிலிருந்து வீடு கட்டித்தர வந்தார்கள். ஊர்க்காரர்கள் சொல்கிறபடிதான் கட்டுவோம் என்றார் இன்ஜினியர். எங்கள் ஆட்களுக்குச் சொல்லவா தெரியாது? பள்ளிக்கூடத்து மேட்டைக் காட்டினார்கள். கரிசல் மழைக்கு ஊதும், கோடைக்குப் பிளக்கும், சுவர் நிற்காது. அடியில் சுக்கான் பாறை தட்டுகிறவரை அஸ்திவாரம் தோண்டச் சொன்னார்கள். வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டு நானும் கல் சுமந்தேன்.

கடைசிக் கூட்டத்தில் மதினி எழுந்தாள். அண்ணன் போனபிறகு அவள் நாலு பேர் முன்னால் வாய் திறந்தது அன்றுதான்.

"வீட்ட எப்படியும் கட்டுங்க. கலுங்குல இனி ஒருத்தரும் சாக்கு வைக்கக் கூடாது. எனக்கு அது ஒண்ணு போதும்."

ஊர்க் கமிட்டித் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சத்தியமா வைக்க மாட்டோம் தாயி."

எல்லோரும் கை தூக்கினோம்.

வீடுகள் நன்றாகத்தான் வந்தன. இடுப்புயர மேடை, கான்கிரீட் கூரை. ஒரு குறை சொல்ல முடியாது.

மறு வருஷம் மழை பிந்தியது. கார்த்திகைக் கடைசியில்தான் தண்ணீர் கலுங்கைத் தொட்டது. விறகு பொறுக்க மதினியும் நானும் அந்தப் பக்கம் போனோம். கலுங்கு நெடுக வரிசையாய்ச் சாக்குகள். எங்கள் புது வீடுகளுக்கு வந்த சிமெண்டுச் சாக்குகள்தான். கரிசலை அடைத்து வாயைத் தைத்திருந்தார்கள்.

"அட சண்டாளப் பாவிகளா!" என்று கத்தினேன். மதினி இறங்கி ஒரு சாக்கை இழுத்துப் போட்டாள். அதற்குள் தலைவர் கரையிலிருந்து ஓடிவந்தார்.

"ஏ தாயி, என்ன செய்யுத? தை மாசமே வத்திப்போச்சுன்னா பயிருக்கு எங்க போக? ஒன் வீடுதான் மேட்டுல பத்திரமா இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி. இந்தத் தடவ யாரு வீட்டு ஆம்பளைய இங்கன அனுப்பப் போறீங்க?"

அவர் குனிந்து, மதினி இழுத்துப்போட்ட சாக்கைத் தூக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.